மன்றத்து வாசற்படி

யூட்லாந்தின் நடுப்பகுதியில், ஏரிக்கரை மேட்டில் அமைந்த விபோர்க், டென்மார்க்கின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்று. இங்கு வாழும் எம்மவர் இதன் பேராலயத்தையும் கல் பாவிய ஒழுங்கைகளையும் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். ஆனால் இந்நகர் எதனாற் பெருமை பெற்றது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. இதற்குக் கடற்றுறை இல்லை. கப்பல் வரத்தக்க பேராறும் இல்லை. மக்கள் கூடிப் பேசுவதற்கென வந்த இடம் என்பதே இதன் சிறப்புக்குக் காரணமாயிற்று.

டேனிய மொழியில் ‘திங்’ என்றால் மன்றம். இந்நாட்டுப் பாராளுமன்றத்தின் பெயராகிய ‘போல்கதிங்’ என்பதிலும் அச்சொல்லே நிற்கிறது. யூட்லாந்துக்குரிய பெருமன்றம் விபோர்க்கிலேயே கூடியது. டேனிய அரசராக வருவோர் இம்மன்றத்தார் முன் தோன்றி அவர்களது ஏற்பைப் பெறுவது வழக்காக இருந்தது. அவ்வழக்கு 1655 வரை நீடித்தது. ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் ‘ஸ்னாப்ஸ்திங்’ என்னும் பெருங்கூட்டமும் நடைபெற்றது. கடன் கொடுத்தோர், கடன் பட்டோர், நிலம் விற்போர், வாங்குவோர் என யூட்லாந்தின் பெருங்குடியினர் யாவரும் கொடும் பனிக்காலத்தில் இங்கு வந்து கணக்குத் தீர்த்தனர். அந்த நாட்களில் தங்குவதற்கென்றே பிரபுக்கள் பலர் இந்நகரில் மாளிகைகள் வைத்திருந்தனர். பின்னர் 1836 இல், மன்னருக்கு ஆலோசனை கூறுவதற்கான வட யூட்லாந்துப் பிரதிநிதிகள் சபையும் இங்கேயே கூடியது. இன்று நகரத்தார் இசை நிகழ்ச்சிக்கும் மாநாட்டுக்கும் செல்லும் மண்டபத்தின் பெயர் ‘திங்ஹாலன்’. பழைய சொல் புதிய கட்டடத்தின் மேல் ஏறியிருக்கிறது. ஆகவே, கூடுவதற்கு ஒரு மண்டபமும் அதன் அயலில் உறங்குவதற்கு ஒரு விடுதியும் வேண்டும் என்னும் ஏற்பாடு இந்நகருக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் எனலாம்.

அவ்வாறு கூடிய அவைக்குள் யார் புகலாம் என்ற வினா, அவை தோன்றிய நாளிலேயே தோன்றியிருக்க வேண்டும். எமது மரபிலும் அது உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியத்துக்குத் தெரிவு செய்யப்படுவோர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராதல் வேண்டும் என வரையறுக்கின்றன. இவை எழுதப்பட்ட விதிகள். எழுதப்படாத விலக்குகளும் உள. வாயிலில் இடப்பட்ட கற்படி செய்யும் விலக்கு அத்தகையது. எவரும் அதனைச் சட்டமாக இயற்றவில்லை. ஆயினும் நடக்க இயலாதவர் அதன் முன்னே நின்றுவிடுகின்றார்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரையில் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, தான் இரந்து பெற்ற உணவைப் பார்வையற்றோர்க்கும் செவி கேளாதோர்க்கும் நடக்க மாட்டாதோர்க்கும் அளித்தபின் எஞ்சியதையே உண்டான். படித்த காலத்தில் எம் நெஞ்சை நெகிழ்வித்த பகுதி இது. ஊனமுற்றோர்க்கு அம்பலம் அன்று திறந்தே இருந்தது. ஆனால் அவர்கள் உணவு பெறுவோராக அங்கு வந்தனர்; அவையிலே எழுந்து தம் கருத்தைக் கூறுவோராக வரவில்லை. இரக்கத்துக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள இத்தூரத்தைக் கடப்பதற்கு உலகம் மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது.

டென்மார்க்கும் முதலில் இரக்கத்தின் வழியிலேயே சென்றது. இடைக்காலத்தில் தொழுநோயாளரை நகர மதிலுக்கு வெளியே தனி இல்லங்களில் வைத்தனர். விபோர்க்கில் 1877 இல் மனநோயாளருக்கான பெரிய அரச இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. கொப்பன்ஹேகனில் ஹான்ஸ் குனுட்சன் என்னும் பாதிரியார் 1872 இல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இவையாவும் நன்னோக்கில் எழுந்தவையே. எனினும் ஊனமுற்றோரை ஏனையோரிடமிருந்து பிரித்துத் தனியிடத்தில் வைத்துப் பேணுவதே அக்காலத்து எண்ணமாக இருந்தது. அவர்களுக்கு ஓர் இல்லம் கட்டியாயிற்று எனில், நகர மண்டபத்தின் படியைப் பற்றிச் சிந்திப்பதற்கு எவருக்கும் தேவை எழவில்லை.

மாற்றம் ஊனமுற்றோரிடமிருந்தே வந்தது. பார்வையற்றோர், செவிப்புலன் குறைந்தோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் தனித்தனிச் சங்கங்கள் 1934 இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன. பின்னர் இளம்பிள்ளைவாதம் வந்தது. 1952 இல் கொப்பன்ஹேகனைத் தாக்கிய அக்கொள்ளை நோயின்போது, மூச்சுவிட இயலாத நோயாளருக்கு மருத்துவர் பியோர்ன் இப்சனின் முறைப்படி சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கையாற் காற்றுப்பையை அமுக்கி உயிர் காத்தனர். காக்கப்பட்ட உயிர்கள் வளர்ந்தன. பள்ளிக்கும் தொழிலுக்கும் கூட்டத்துக்கும் போக விரும்பின.

அதே ஆண்டில் ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் லிஸ் ஹார்டெல் என்னும் டேனியப் பெண்மணி குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1944 இல் இளம்பிள்ளைவாதத்தினால் முழங்காலின் கீழ் வலுவிழந்தவர் அவர். குதிரையின்மேல் ஆடவர் பலரையும் வென்ற அவருக்குப் பதக்க மேடையின் படியைத் தனியே ஏறுதல் இயலவில்லை. பொற்பதக்கம் வென்ற சுவீடன் நாட்டு வீரர் ஹென்றி சென்ட் சீர் அவருக்குக் கைகொடுத்து மேடையேற்றினார். அந்நிகழ்ச்சியைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாக இன்றும் கூறுவர். பெருந்தன்மைதான். ஆயினும் அந்த மேடையை அமைத்தவர்களைக் குறித்து எவரும் ஒரு சொல்லும் கூறியதாகத் தெரியவில்லை.

எமது விழாக்களிலும் இக்காட்சி புதிதன்று. யூட்லாந்து நகரொன்றில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடந்த கலைவிழாவில், பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்ற சிறுமியொருத்தியின் பெயர் அழைக்கப்பட்டது. அவள் சக்கர நாற்காலியில் இருந்தாள். மேடைக்கு ஆறு படிகள். பிரதம விருந்தினர் கீழே இறங்கி வந்து பரிசை அவள் மடியில் வைத்தார். சபையோர் ஏனையோர்க்குத் தட்டியதைவிட உரத்துக் கைதட்டினர். அக்கைதட்டலின்போது அவள் முகத்தைக் கவனித்தேன். மற்றைய பிள்ளைகளைப் போல மேடையில், வெளிச்சத்தில், ஒலிவாங்கியின் முன் நின்று பேச வேண்டும் என்றே அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

இனி, மாநாட்டு மண்டபம் பற்றிய வரலாற்றில் முக்கியமான ஓர் ஆண்டுக்கு வருவோம். மருத்துவர், சிகிச்சையாளர், சமூக சேவையாளர் முதலியோரைக் கொண்ட ‘ரிஹபிலிற்றேசன் இன்ரநசனல்’ என்னும் உலக அமைப்பு 1980 யூன் மாதத்தில் கனடாவின் வினிப்பெக் நகரில் தனது மாநாட்டை நடத்தியது. ஊனமுற்றோரைப் பற்றிய மாநாடு அது. ஊனமுற்றோர் இருநூறு பேருக்கு மேல் அதற்கு வந்திருந்தனர். முடிவெடுக்கும் சபையிற் சரிபாதி இடம் ஊனமுற்றோருக்கு வேண்டும் எனச் சுவீடன் பேராளர்கள் கோரினர். வாக்கெடுப்பில் அக்கோரிக்கை தோற்றது. மண்டபத்தினுள் நுழைய இடம் கிடைத்தது. முடிவு செய்யும் இருக்கை மறுக்கப்பட்டது. தோற்றவர்கள் அதே நகரில், அதே நாட்களில், தனியே கூடித் தமக்கென ஓர் உலக அமைப்பை நிறுவ முடிவு செய்தனர். மறு ஆண்டு, அதாவது ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர்க்கான ஆண்டாக அறிவித்த 1981 இன் இறுதியில், சிங்கப்பூரில் அவர்களது முதல் உலக மாநாடு கூடியது. அவ்வமைப்பின் முதல் தலைவராகப் பார்வையற்றவரான சிங்கப்பூரின் ரொன் சந்திரன்-டட்லி தெரிவானார்.

வினிப்பெக்கில் நின்றவர்களுள் பார்வையற்ற சுவீடன் நாட்டவரான பெங்ற் லிண்ட்குவிஸ்ற்றும் ஒருவர். பின்னாளில் அவர் தம் நாட்டில் அமைச்சராகி, 1993 இல் ஐ. நா. சபை ஏற்றுக்கொண்ட சமவாய்ப்பு விதிகளை நாடுகள் எவ்வாறு நடைமுறைப்படுத்துகின்றன என்பதை மேற்பார்க்கும் சிறப்புப் பொறுப்பாளருமானார். கட்டடங்களை யாவரும் அணுகத்தக்கனவாக்குதல் அவ்விதிகளில் இடம்பெற்றது. 2006 இல் உருவான ஐ. நா. உடன்படிக்கையின் ஒன்பதாவது உறுப்புரை அதனை அரசுகளின் கடமையாக்கியது. டென்மார்க் அவ்வுடன்படிக்கையை 2009 இல் ஏற்று உறுதி செய்தது. ஒரு மாநாட்டில் தோற்ற வாக்கெடுப்பு இத்துணை தூரம் சென்றது.

டென்மார்க்கில் நடந்தவற்றை விரைந்து கூறலாம். ஓர்ஹூஸ் நகரில் 1971 இல் தசைநலிவு நோயாளர் நிறுவனத்தைத் தொடங்கிய எவால்ட் குரோக், தாமே அந்நோயுடன் பிறந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 1983 முதல் நகரந்தோறும் பெரும் இசை நிகழ்ச்சிகளை நடத்திப் பணம் திரட்டியது அவரது நிறுவனம். இரந்து பெறுவதை விட்டு மக்களுக்கு மகிழ்ச்சியை விற்றுப் பெற்றனர் என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது. அந்நிறுவனமே கோர்சூர் நகரின் கடற்கரையில் ‘முஸ்ஹொல்ம்’ என்னும் விடுமுறை விடுதியை 1998 இல் திறந்தது. 2015 இல் விரிவாக்கப்பட்டபோது அங்கே வட்ட வடிவான விளையாட்டு மண்டபமொன்று எழுந்தது. அதன் உட்சுவரை ஒட்டி 110 மீற்றர் நீளமான சாய்தளம் சுழன்று மேலே செல்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் உச்சிவரை தாமே போகலாம். மாநாட்டு அறைகளும் உறங்கும் அறைகளும் ஒரே வளவில் உள்ளன. கொப்பன்ஹேகனுக்கு மேற்கே தாஸ்ரூப்பில், ஊனமுற்றோர் அமைப்புகள் பலவற்றுக்குமான பொது இல்லம் 2012 இல் திறக்கப்பட்டது. அலுவலகங்களும் கூட்ட மண்டபங்களும் கொண்ட அக்கட்டடத்தில், எல்லாரும் நுழையும் வாயிலாலேயே ஊனமுற்றோரும் நுழைகின்றனர்.

இவ்விரண்டும் தொடக்கத்திலேயே சிந்தித்துக் கட்டப்பட்டவை. ஆனால் நாம் வாடகைக்கு எடுப்பவை பெரும்பாலும் அவ்வாறானவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனிய விவசாயிகள் ஊர்தோறும் பணம் சேர்த்துக் கட்டிய ‘போர்சாம்லிங்ஸ்ஹூஸ்’ எனப்படும் ஊர் மண்டபங்களை எம்மவர் அறிவர். எமது பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமண வரவேற்பு எத்தனையோ அவற்றில் நடந்துள்ளன. சொந்த உழைப்பில் எழுந்த மக்கள் மன்றங்கள் என்ற வகையில் அவை போற்றுதற்குரியன. வாயிலிற் சில படிகள், உள்ளே உயர்ந்த மேடை, நிலவறையில் மலசலகூடம் என்றவாறு அவற்றுட் பல அமைந்திருப்பதையும் எம்மவர் அறிவர்.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டட விதிகளில் ஊனமுற்றோர்க்கான ஏற்பாடுகள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக இடம்பெற்றன. அவை புதிய கட்டடங்களையும் பெருந்திருத்தம் செய்யப்படுவனவற்றையும் கட்டுப்படுத்துகின்றன. பழைய மண்டபமும் பழைய விடுதியும் பழையபடியே இருக்கலாம். 2018 யூலை 1 முதல், ஊனத்தைக் காரணமாகக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டம் வேலைத்தலத்துக்கு வெளியேயும் நடைமுறைக்கு வந்தது. விடுதியொன்று ‘உமக்கு அறை தரமாட்டோம்’ என்று கூறுவது இச்சட்டப்படி குற்றம். ஆனால் வாயிலில் மூன்று படிகள் இருப்பதை இச்சட்டம் பாகுபாடாகக் கொள்ளவில்லை; சாய்தளம் அமைக்கும் கடமையை அது உரிமையாளர் மேற் சுமத்தவில்லை. வாய்ச்சொல்லால் மறுத்தல் தவறு, கற்படியால் மறுத்தல் தவறன்று என்றாகிறது. இந்நாட்டில் எமக்கு இவ்வகை அனுபவம் முன்பும் உண்டு. 1987 முதல் 1989 வரை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப மீளிணைவு விண்ணப்பங்களை முடக்கி வைத்தார். சட்டத்தில் உரிமை இருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. அதன் விளைவாக 1993 சனவரியில் பிரதமர் போல் சுலூட்டர் பதவி துறந்தார். 1995 இல் அரசியல் உயர் நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளியெனக் கண்டது. ஊனமுற்றோர் நிலையோ இதற்கு மறுதலை. கதவு திறந்தே இருக்கிறது. அதனைச் சென்றடையும் உரிமைதான் சட்டத்தில் முழுமை பெறவில்லை.

எமது பிறந்தகத்திலும் இப்போராட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களை அணுகுதல் பற்றிய விதிகள் 2006 இல் வந்தன. அவை ஏட்டளவில் நின்றதைக் கண்டு நீதிமன்றம் சென்றவர் கலாநிதி அஜித் பெரேரா. துடுப்பாட்ட நடுவராகப் பணியாற்றியவர். 1992 இல் மரமொன்று வீழ்ந்ததில் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அவரது மனுவின்மீது உயர் நீதிமன்றம் 2011 இல் பிறப்பித்த கட்டளை, புதிய பொதுக் கட்டடங்கள் யாவும் அவ்விதிகளுக்கு அமையவே எழ வேண்டும் என்றது. வடக்கிலோ யுத்தம் ஊனமுற்றோரைப் பெருக்கியது. 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிலையத்தினால் மீண்டும் நடந்தவர்கள் பலர். அவ்வாறு நடந்தவர்கள் சிலர் இன்று ஐரோப்பாவிலும் உள்ளனர். எமது கூட்டங்களில் கடைசி வரிசையில், வாயிலுக்கு அருகே அமர்வதை வழக்கமாக்கிக் கொண்டுள்ளனர்.

இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிடல் தகும். 2001 சனவரியில் இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங் மும்பையில் நடந்த மாநாடொன்றுக்கு வந்து, பின்னர் தில்லியும் சென்றார். குதுப் மினார் முதலிய பழஞ்சின்னங்களை அவர் பார்ப்பதற்காக மரத்தினாற் சாய்தளங்கள் அவசரமாக இடப்பட்டன. ஊனமுற்றோர் உரிமைக்காகப் பாடுபட்ட ஜாவெட் அபிதி போன்றோர் ஆண்டுக்கணக்காகக் கேட்டது, உலகப் புகழ் பெற்ற ஒருவர் வந்தபோது சில நாட்களில் இயன்றது. செலவும் தொழில்நுட்பமும் தடையாக இருந்தன என்று அதன்பின் எவரும் சாதித்தல் கடினம்.

மண்டபத்தை விட விடுதியே பெரும் இடர்ப்பாடு என்பதை, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் உறவினரை அழைத்துத் திருமணம் நடத்தியோர் அறிவர். சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை உண்டு என்று தொலைபேசியிற் கூறுவர். சென்று பார்த்தால் அறைக்குள் நுழையலாம். குளியலறைக்குள் நுழைய இயலாது. அல்லது படுக்கைக்கும் சுவருக்கும் இடையே நாற்காலி திரும்பாது. இரவில் உறங்க இடமில்லாதவர் பகலில் மண்டபத்துக்கு வருவது எங்ஙனம்? அதனால், ‘அம்மாவுக்குப் பயணம் சரிவராது’ என்று கூறி வீட்டிலேயே விட்டுவிட்டு வருகின்றனர். பேரனின் திருமணத்தை அந்த அம்மா ஒளிநாடாவிலும் கைத்தொலைபேசியிலும் பார்க்கின்றார். எமது சமூகம் இந்நாட்டிலேயே முதுமை அடைந்துகொண்டிருக்கிறது. எண்பதுகளில் இளைஞராக வந்திறங்கியவர்களின் முழங்கால்கள் இப்போது படிகளை எண்ணத் தொடங்கிவிட்டன.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே ஊனமுற்றோர் கூட்டமைப்பும் உல்லாசப் பயணத்துறையினரும் விடுதி உரிமையாளரும் சேர்ந்து 2003 இல் ‘யாவர்க்கும் நுழைவு’ என்னும் பொருள்படும் அடையாளத் திட்டமொன்றைத் தொடங்கினர். ஒரேயொரு சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடாமல், நாற்காலியிற் செல்வோர், நடையும் கையும் தளர்ந்தோர், பார்வை குறைந்தோர், செவி குறைந்தோர், ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உடையோர், மனவளர்ச்சி குன்றியோர், வாசிக்க இடர்ப்படுவோர் என ஏழு வகையினர்க்கும் தனித்தனியே கட்டடத்தை அளந்து பார்த்தது அத்திட்டத்தின் சிறப்பு. ஒருவருக்கு ஏற்ற விடுதி மற்றவருக்கு ஏற்றதன்று என்பதை அது ஒப்புக்கொண்டது. எமது மூத்தோருட் பலருக்குக் கால் அல்ல, காதே தடை. செவிக்கருவி அணிந்தோர்க்கு ஒலிவாங்கியின் குரலை நேரே செலுத்தும் ‘ரெலெஸ்லிங்க’ என்னும் கம்பிச்சுற்று டேனிய மண்டபங்கள் பலவற்றிற் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனை இயக்குமாறு கேட்டாலே போதும். நாம் கேட்பதில்லை, ஒலிபெருக்கியின் சத்தத்தை மட்டும் கூட்டிவிடுகிறோம்.

விழாக் குழுவினர் மண்டபம் பார்க்கச் செல்லும்போது வாகனத் தரிப்பிடத்தையும் சமையலறையையும் கவனமாகப் பார்க்கின்றனர். அப்போது ஓர் அளவுநாடாவையும் கையில் எடுத்துச் செல்லலாம். டேனியக் கட்டட விதிகள் கதவின் ஊடே செல்லும் வழிக்கு ஆகக் குறைந்தது 77 சென்ரிமீற்றர் அகலம் கேட்கின்றன. சாய்தளம் இருபதுக்கு ஒன்று என்னும் சரிவைத் தாண்டலாகாது. அதாவது அரை மீற்றர் உயரத்துக்குப் பத்து மீற்றர் நீளம் வேண்டும். அமெரிக்கச் சட்டம் பன்னிரண்டுக்கு ஒன்று எனச் சற்றுச் செங்குத்தாக அனுமதிக்கிறது. பலகையொன்றைப் படிமேற் சாய்த்துவிட்டு நான்கு இளைஞர் பிடித்துத் தூக்குவது எவ்விதியிலும் அடங்காது. ஏறும்போது ஒருவாறு இயன்றாலும், தீவிபத்து நேர்ந்து எல்லாரும் வெளியே ஓடும்போது அந்நால்வரும் எங்கே நிற்பர் என்று சொல்ல இயலாது. மேடை ஒரு மீற்றர் உயரமாயின் அதற்கான சாய்தளத்துக்கு இருபது மீற்றர் வேண்டும். பெரும்பாலான மண்டபங்களில் அதற்கு இடமிராது. அங்கே சிறு தூக்குமேடை உண்டா எனக் கேட்கலாம். இல்லையெனில், பரிசளிப்பையும் பேச்சையும் அனைவர்க்கும் மேடைக்குக் கீழே, சமதரையில் வைத்துக்கொள்ளலாம். விடுதியில் முன்பதிவு செய்வோர் அறையின் கதவோடு குளியலறையின் கதவையும் அளந்து கூறுமாறு கேட்டல் நன்று. முற்பணம் செலுத்துமுன் கேட்டால், 70 சென்ரிமீற்றர் என்று பதில் வரும்போது வேறிடம் தேடுவதற்கு இன்னும் நாள் இருக்கும்.